வெள்ளவத்தையிலிருந்து பன்னிரண்டு மீற்றர் கீழே

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பதால் வந்த பழக்கம். முதல் தடவை காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போக 8,000 ரூபா கொடுத்தேன், கீழே இருந்தது ஒன்பது நிமிடம். அதற்குப் பிறகு காதுக்கு டொக்டரைச் சனல் பண்ணியதும் மருந்தும் சேர்ந்து 6,500. ஆக நிமிடத்துக்கு 1,600 ரூபாவுக்கு மேல். இரண்டாம் தடவை கொடுத்தது 17,000, கீழே இருந்தது நாற்பது நிமிடம், நிமிடத்துக்கு 425. மலிவு என்று நம்பிப் போனதுதான் ஆக விலை கூடியதாக முடிந்தது.

வெள்ளவத்தையில் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்பது ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கிடக்கிற ஒன்று. பின்னேரம் மரைன் டிரைவில் நடப்போம், கடலை வாங்கிக் கொறிப்போம், காற்று வாங்குவோம், இறங்க மாட்டோம். "கடலோட சேட்டை வேண்டாம்" என்பது அம்மாவின் நிரந்தர வசனம், சுனாமிக்குப் பிறகு அதற்கு மறுபேச்சும் கிடையாது. முப்பத்து மூன்று வயது வரை நான் கடலில் இறங்கிய ஆழம் முழங்கால் அளவு. அலுவலகத்தில் ஒரு பெட்டை ஆமையோடு எடுத்த படத்தைக் காட்டித் தொலைத்திராவிட்டால் இன்றும் அதே முழங்கால்தான்.

அந்த முதல் தடவை ஹிக்கடுவையில், ஒரு வெசாக் விடுமுறையில். ஹிக்கடுவையில் பிழை இல்லை, கரையோர ரயிலில் வெள்ளவத்தையிலிருந்தே போய்விடலாம், நல்ல மாதத்தில் போனால் நல்ல இடம். நான் போனது மே மாதம். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குகிற நேரம், அலை ஆளுயரத்துக்கு எழும்புகிறது, தண்ணீர் பால் விட்ட தேநீர் நிறத்தில் கிடக்கிறது. கரையில் நின்ற ஒருவர் "பிரச்சினை இல்லை, கீழே போனால் அலை தெரியாது" என்றார். எங்கள் ஆறு பேருக்கும் அவர் ஒருவர்தான். ஒரு படிவம் நிரப்பவில்லை, உடம்புக்கு ஏதும் வருத்தம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அன்றைக்குத் தடிமன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கேட்காததால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன். காசு கட்டியாயிற்றே.

மூன்று நாலு மீற்றர் போயிருப்போம், காதுக்குள் யாரோ ஊசி ஏற்றுவது போல இருந்தது. மூக்கைப் பிடித்து ஊத வேண்டும் என்று கரையில் அலைச் சத்தத்துக்கு நடுவே ஒரு தடவை சொன்னார்தான், ஆனால் எப்போது ஊத வேண்டும், ஊதியும் காது திறக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. மேலே வந்தபோது மாஸ்க்குக்குள் மூக்கு இரத்தம். பத்து நாள் இடது காதில் தண்ணீர்க் குடத்துக்குள் தலையை விட்டது போல ஒரு ஙொய் சத்தம்.

டொக்டர் விளங்கப்படுத்தியதைத்தான் அந்த ஆள் கரையில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். பத்து மீற்றர் தண்ணீர் என்பது நம் தலைக்கு மேலிருக்கும் முழு வளிமண்டலத்துக்கும் சமமான பாரம். அதாவது பத்து மீற்றரில் அழுத்தம் இரட்டிப்பு. அதிலும் மேலே உள்ள முதல் சில மீற்றர்களில்தான் மாற்றம் சட்டென்று வரும், காது படுகிற பாடும் அங்கேதான். செவிப்பறைக்குப் பின்னால் உள்ள சின்ன அறைக்குத் தொண்டையிலிருந்து ஒரு குழாய் போகிறது. ஊதுவது அந்தக் குழாய் வழியாகக் காற்றை அனுப்பத்தான். தடிமன் இருந்தால் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். வலி வந்த பிறகு ஊதுவது பிந்திய வேலை, வலி வருமுன்னே, இறங்கத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு மீற்றருக்கும் முன்னதாக, மெல்ல ஊத வேண்டும். திறக்கவில்லையா, கொஞ்சம் மேலே வந்து மறுபடி பார்க்க வேண்டும். பலமாக ஊதக்கூடாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். மாத்திரையின் வேகம் கீழே இருக்கும்போது குறைந்தால் மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும், அது இதைவிட மோசம் என்றார். தடிமன் என்றால் போகாதே, அவ்வளவுதான்.

காது ஆறிய பிறகு மற்றவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது, எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் இந்தத் தடவை ஆறு மாதத்துக்கு மேல் ஆயத்தம். முதலில் நீச்சல். ஒரு நாள் அனுபவத்துக்கு மட்டும் என்றால் நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. இருந்தாலும் தண்ணீரில் முகத்தை வைக்கவே நடுங்குகிற ஒரு ஆள் 17,000 ரூபாவைக் கட்டிவிட்டு அந்த நடுக்கத்தைப் போக்குவதிலேயே பாதி நேரத்தைச் செலவழித்தால் யாருக்கு நட்டம்? பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் மாதக் கட்டணம் கட்டி என்னையும் தம்பியையும் சேர்த்துவிட்டேன். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே நாங்கள் இரண்டு பேரும் பலகையைப் பிடித்துக்கொண்டு காலடித்தோம். வெட்கம் முதல் வாரத்தோடு போய்விடும்.

அடுத்தது மாதம் பார்க்கிற வேலை. இலங்கைக் கடல் எந்த மாதத்திலும் ஏறக்குறைய 27 முதல் 30 பாகை சூட்டில்தான் இருக்கும், குளிர் என்ற பேச்சே இல்லை. ஐரோப்பியர் இதற்காக விமானம் ஏறி வருகிறார்கள், நமக்கு பஸ் போதும். பிரச்சினை எப்போதும் அலையும் கலங்கலும்தான். மேற்கும் தெற்கும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்லது. அந்தப் பக்கம் கெட்டுப்போகிற மே மாதத்தில் கிழக்கு தெளிகிறது, செப்டெம்பர் வரைக்கும் திருகோணமலை, பாசிக்குடாப் பக்கம் போகலாம். இவ்வளவு சின்ன நாட்டில் ஒரு கரை மூடினால் மறு கரை திறக்கிறது. இது தெரியாமல் மே மாதத்தில் ஹிக்கடுவைக்கு ரயில் ஏறியவள் நான்.

அதனால் ஜூனில் திருகோணமலை. போக முன் நாலு டைவ் கடைகளுக்குக் கோல் எடுத்தேன், விலை கேட்க இல்லை. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், அன்று கடல் சரியில்லை என்றால் காசைத் திருப்பித் தருவீர்களா அல்லது அடுத்த நாள் கூட்டிப்போவீர்களா, சொன்ன விலைக்குள் வள்ளமும் உபகரணமும் அடங்குமா, காலை எத்தனை மணிக்குப் புறப்படுவீர்கள், இவ்வளவுதான் கேட்டது. பிந்திப் போனால் காற்று எழும்பிவிடும், ஏழு எட்டு மணிக்குப் புறப்படுகிறவர்கள்தான் வேலை தெரிந்தவர்கள். அதைவிட முக்கியமாக நான் பார்த்தது, அவர்கள் என்னிடம் திருப்பி ஏதாவது கேட்கிறார்களா என்று. மூன்று பேர் கேட்கவில்லை. நாலாமவர் எடுத்த எடுப்பில், "ரெண்டு பேருக்கும் ஏதும் வருத்தம் இருக்கா? ஃபோர்ம் அனுப்புறன், ஒளிக்காம நிரப்பி அனுப்புங்க" என்றார். அவர்தான் விலையும் கூட. அவரிடமே போனோம்.

அந்தப் படிவம் எங்களைக் காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். தம்பிக்குச் சின்ன வயதில் முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருந்தது, பதினைந்து வருடமாக இல்லை. படிவத்தில் அந்தக் கேள்விக்கு "ஆம்" போட்டால் வைத்தியரின் கையெழுத்து வேண்டும். கொழும்பிலேயே நெஞ்சைச் சோதித்து கடிதம் எடுத்துக்கொண்டு போனோம். வள்ளத்தடியில் வைத்துத்தான் படிவத்தைப் பார்த்திருந்தால் அவன் கரையில் குந்தியிருந்து எங்கள் செருப்புக்குக் காவல் இருந்திருப்பான், இல்லை பொய் எழுதியிருப்பான். இரண்டாவதுதான் நடந்திருக்கும், அவனை எனக்குத் தெரியும்.

செலவை நான் குறைத்தது மற்ற எல்லா இடத்திலும். வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ், அதனால் ஒரு இரவுத் தங்கல் காசு மிச்சம் (ஆனால் பஸ்ஸால் இறங்கிய அன்றே கடலில் இறங்கக்கூடாது, நித்திரை இல்லாத உடம்போடு போகிற இடமில்லை அது). திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள உப்புவெளியில் கடலைப் பார்க்காத பக்கத்து அறை, பார்க்கிற பக்கத்தின் பாதி விலை. சாப்பாடு இடியப்பமும் சொதியும், மத்தியானம் மீன் சோறு. போயா வருகிற நீண்ட வார இறுதிகளில் அறை வாடகை ஏறும் என்பதால் செவ்வாய், புதனுக்கு லீவு போட்டோம். லண்டனிலிருந்து வந்திருந்த மாமாவின் மகனும் எங்களோடு ஒட்டிக்கொண்டான். நாங்கள் சுழியோடப் போகிற தீவு புறாமலை. அது தேசிய பூங்கா என்பதால் நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். எங்களுக்கு அடையாள அட்டையைக் காட்டியதும் சொற்பக் காசு, அவனுக்கு வெளிநாட்டார் கட்டணம், பல மடங்கு. "மச்சான், நானும் தமிழ்தானே, வெள்ளவத்தையில பிறந்தவன்தானே" என்று கவுண்டரில் நின்று வாதாடிப் பார்த்தான். பாஸ்போர்ட் என்ன நிறம் என்று கேட்டார்கள். டைவ் கடைகளிலும் இப்படித்தான், பலகையில் டொலரில் எழுதியிருந்தாலும் உள்ளூர் விலை ஒன்று இருக்கும், தமிழிலோ சிங்களத்திலோ கேட்டால் வரும், கேட்காவிட்டால் வராது.

முதல் நாள் பின்னேரம் கோணேசர் கோயிலுக்குப் போனோம். தம்பி ஐயரிடம் கையில் சிவப்பு நூல் கட்டிக்கொண்டான். கோயிலடிப் பாறைப் பிளவான இராவணன் வெட்டில் நின்று கீழே பார்த்தபோது, போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய பழைய கோயிலின் மிச்சங்கள் இதற்கு அடியில்தான் கிடக்கின்றன என்று மச்சானுக்குச் சொன்னேன். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடிப் போய்ப் பார்த்தது அவற்றைத்தான். விஞ்ஞானக் கதை எழுதுகிற கிளார்க் இந்த நாட்டில் வந்து தங்கியதற்கே சுழியோடுகிற ஆசைதான் காரணம். ஐம்பது வருடத்துக்கு மேல் இங்கேயே இருந்தார். வெள்ளைக்காரர் ஒருவர் கடல் கடந்து வந்து பார்த்ததை நான் முப்பத்து மூன்று வருடம் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்று தவறவிட்டிருக்கிறேன்.

அடுத்த நாள் காலை எங்கள் பயிற்றுநர் ஒரு மணித்தியாலம் கரையிலேயே வைத்திருந்தார். நாற்பது வயதிருக்கும், உள்ளூர்க்காரர். இரண்டு பேருக்கு ஒருவர் என்று பேசியபடி எங்கள் இரண்டு பேரோடும் அவர், மச்சானோடு வேறொருவர். தம்பியின் மாஸ்க்குக்குள் தண்ணீர் நுழைந்துகொண்டே இருந்தது. காரணம் அவன் பொத்திப் பொத்தி வளர்க்கிற மீசை. மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் தண்ணீர் நிற்கும், மயிர் இருந்தால் வழி விடும். வாஸலின் பூசினார்கள், பரவாயில்லை. எனக்கு நெற்றியில் விழும் தலைமயிர் அதே வேலையைச் செய்தது, இறுக்கப் பின்னித் துணிப் பட்டியால் கட்டிக்கொண்டேன். உடுப்பைப் பற்றி யோசிக்கிற பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வெட்சூட் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும், உள்ளே லெக்கிங்ஸும் டீசேட்டும் போட்டாலே போதும். கடற்கரையில் நான் இருந்த இருப்பில் அம்மாவே பிழை பிடித்திருக்க மாட்டா. மூன்று மில்லிமீற்றர் தடிப்புப் போதும், 29 பாகைத் தண்ணீரில் அது குளிருக்காக இல்லை, சொறிமுட்டைக்கும் கல் உரசலுக்கும்தான். (சொறிமுட்டை என்று எங்கள் பக்கம் சொல்வது ஜெலிமீனை.)

கரையில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது மூச்சைப் பிடிக்காதே என்பது. மன்னார்ப் பக்கம் அந்தக் காலத்தில் முத்துக்குளித்தவர்கள் மூச்சைப் பிடித்துத்தானே போனார்கள் என்று கேட்டேன். சிரித்தார். அவர்கள் மேலே இழுத்த காற்றோடு போனார்கள், அது கீழே சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்கு வரும், அவ்வளவுதான். நாங்கள் இழுப்பது கீழே வைத்து, அங்குள்ள அழுத்தத்தில். பத்து மீற்றரில் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நெஞ்சறையில் அதற்கு எங்கே இடம்? இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டிராவிட்டால் வெறும் சட்டம் என்று நினைத்திருப்பேன்.

பிறகு கடல். முதலில் இடுப்பளவு தண்ணீரில் முட்டுக்காலில் இருந்து, மாஸ்க்குக்குள் தண்ணீர் விட்டு வெளியேற்றி, வாயிலிருந்து ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை இழுக்கிற வாய்க்கருவி) எடுத்து மறுபடி போட்டு, எல்லாம் மூன்று மூன்று தரம். அதற்குப் பிறகுதான் வள்ளம், அதற்குப் பிறகுதான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக இறக்கம். ஒவ்வொரு கை கீழே போக ஒரு ஊதல். காது "டிக்" என்று திறந்துகொண்டே வந்தது, ஹிக்கடுவையில் கேட்காத சத்தம். நாலு மீற்றரில் அவர் விரலை வட்டமாக்கிக் காட்டி, சரியா என்று கேட்டார். எனக்கிருந்த சந்தோஷத்தில் பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெருவிரல் தூக்கினால் "மேலே போவோம்" என்று அர்த்தம், கரையில் படித்ததுதான், கை பழக்கத்தை விடவில்லை. மறுபடி இறங்கினோம். இந்தத் தடவை தலையை ஆட்டினேன். நாங்கள் ஆட்டுகிற ஆட்டு எதற்கு ஆம், எதற்கு இல்லை என்று தரையிலேயே வெள்ளைக்காரருக்கு விளங்காது, மாஸ்க்கோடு தண்ணீருக்கு அடியில் உள்ளூர்க்காரருக்கே விளங்கவில்லை. மேலே வந்த பிறகு சொன்னார்: "தங்கச்சி, கீழ போனா தலைய மறந்திரணும், கை மட்டுந்தான் கதைக்கும்."

கீழே என்ன இருந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். முதலில் சத்தம் இருந்தது. அமைதியாக இருக்கும் என்று நினைத்துப் போனேன், அப்படி இல்லை. என் மூச்சு பெரிய தையல் மெஷின் மாதிரிக் கேட்டது. அதற்கு மேலால் கறுக் கறுக் என்று ஒரு சத்தம், அப்பளம் கடிப்பது போல. அது கிளிமீன் முருகைக்கல்லை (பவளப்பாறையை) கடித்துத் தின்கிற சத்தமாம். பத்து மீற்றர் தாண்டியதும் தம்பி தன் கையை என் முகத்துக்கு முன்னால் நீட்டினான். கோணேசர் கோயில் சிவப்பு நூல் சாம்பலும் கறுப்புமாகக் கிடந்தது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான் என்று படித்திருந்தாலும், ஐயர் கட்டிய நூல் நிறம் மாறினால் ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது. பயிற்றுநர் டோர்ச் அடித்துக் காட்டினார், சிவப்பு திரும்பி வந்தது. பன்னிரண்டு மீற்றரில் நின்றோம், ஒரு நாள் அனுபவத்துக்கு வருகிறவர்களுக்கு அதுதான் எல்லை. தூரத்தில் கறுப்பு நுனிச் செட்டையோடு ஒரு சின்னச் சுறா போனது, எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆமை வரவில்லை. அலுவலகப் பெட்டையிடம் இன்னும் சொல்லவில்லை.

புறாமலையில் எனக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. ஆழம் குறைந்த பக்கத்தில் முருகைக்கல் மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள், நம் ஆட்களும்தான். அது கல் இல்லை, உயிர். வருடத்துக்கு விரலளவு வளரவே கஷ்டப்படுகிற உயிர்.

மேலே வந்த பிறகு மச்சானோடு ஒரு சண்டை. அவன் அன்று இரண்டு தரம் இறங்கியிருந்தான், அடுத்த நாள் நுவரெலியாவுக்குப் போய்ப் பிறகு விமானம் ஏறுகிற யோசனை. விமானத்துக்கு முன் ஒரு தடவை இறங்கியவர் 12 மணித்தியாலமாவது, பல தடவை இறங்கியவர் 18 மணித்தியாலமாவது காத்திருக்க வேண்டும், உடம்பில் கரைந்திருக்கும் நைதரசன் காற்றழுத்தம் குறைந்த இடத்தில் குமிழாகக் கிளம்பும் என்பதால். இதை எல்லாரும் சொல்வார்கள். மலைநாட்டைப் பற்றிச் சொல்கிறவர்கள் குறைவு. நுவரெலியா ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரம், விமானத்துக்குள் இருக்கிற அழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட அதே கணக்கு. கடலும் மலையும் ஒரே பயணத்தில் என்றால் மலையை முதலில் முடியுங்கள், பிறகு கடல். அவனை அன்றும் உப்புவெளியிலேயே தங்கவைத்தேன், அறை வாடகையை நானே கட்டினேன், கணக்கில் இருக்கிறது.

அதற்குப் பிறகு முழுப் பாடநெறியும் செய்தோம், சுழியோடப் பழக்கிச் சான்றிதழ் கொடுக்கிற PADI அமைப்பின் ஓப்பன் வாட்டர் என்கிற ஆரம்பப் பாடநெறி. ஆளுக்கு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். பாடத்தை வீட்டில் இருந்தே ஒன்லைனில் படித்தோம், குளத்துப் பயிற்சியைக் கொழும்பில் முடித்தோம், கடலில் செய்ய வேண்டிய நாலு டைவுக்கு மட்டும் திருகோணமலை போனோம். எல்லாவற்றையும் அங்கேயே செய்திருந்தால் இன்னும் இரண்டு இரவு அறை வாடகை. 200 மீற்றர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் கேட்பார்கள், எட்டு வயதுப் பிள்ளைகளோடு காலடித்தது அங்கே உதவியது. வாங்கிய உபகரணம் ஒன்றே ஒன்று, முகத்துக்குப் பொருந்துகிற சொந்த மாஸ்க். மற்றதெல்லாம் வாடகை. கண்ணாடி போடுகிற எனக்குப் பவர் உள்ள மாஸ்க்தான் வேண்டும், அது எல்லாக் கடையிலும் வாடகைக்கு இருக்காது.

சான்றிதழ் கிடைத்தால் 18 மீற்றர் வரை. கொழும்பைச் சுற்றியே கடலுக்கு அடியில் கப்பல்கள் நிறையக் கிடக்கின்றன, ஆனால் பலது அதைவிட ஆழம். "கொஞ்சம் கீழே போனால் என்ன" என்று கூப்பிடுகிறவரோடு போகாதீர்கள். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் மூழ்கடித்த பிரித்தானியப் போர்க்கப்பல் ஹெர்மிஸைப் பார்க்கப் போகிறேன் என்று ஒரு நாள் தம்பி தொடங்கினான். அது ஐம்பது மீற்றருக்கும் கீழே. இன்னும் எத்தனையோ பயிற்சி முடித்தவர்கள் போகிற இடம், மீசைக்கு வாஸலின் பூசுகிறவர்கள் போகிற இடம் இல்லை என்றேன். பாணந்துறைக்கு அப்பால் 2012இல் மூழ்கிய சரக்குக் கப்பல் தெர்மோபிலே சியெரா ஆழம் குறைவு, அதற்குப் போகலாம் என்று ஒத்துக்கொண்டான். அதைத்தான் இந்த ஜனவரிக்கு ஒழுங்குபண்ணினோம், சனிக்கிழமை காலை ஏழு மணி, 5,000 ரூபா முற்பணம்.

வியாழன் இரவு தம்பி தும்மினான். வெள்ளி காலை அம்மா கொத்தமல்லிக் குடிநீர் அவித்துக் கொடுத்தா, பின்னேரமும் கொடுத்தா. எப்போது கடலைப் பற்றிக் கதைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவ, "காது திறக்குதா எண்டு மூக்கப் பிடிச்சு ஊதிப் பார்" என்று அவனிடம் சொன்னா. ஊதிப் பார்த்தான். ஒரு பக்கம்தான் திறந்தது. வெள்ளி இரவு எட்டு மணிக்குக் கோல் எடுத்து வரவில்லை என்று சொன்னேன். முற்பணம் திரும்பி வராது என்றார்கள். சரி என்று அதையும் கணக்கில் எழுதினேன்: தடிமன், 5,000.